நீரால் பிறந்த காடும் குப்பையில் பிறந்த காடும்

தாராவிக்கு வடக்கே, பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளுக்கும் நம்மவர் குடியிருப்புகளுக்கும் இடையே, கருநிறமான நீர்ப்பெருக்கு ஒன்று ஓடுகிறது. நம்மவருள் பலர் அதனை 'நாலா' என்றே வழங்குவர். மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து கடப்போரும் உளர். உண்மையில் அஃது ஓர் ஆறு. மித்தி என்பது அதன் பெயர். இனிமையானது என்பது அச்சொல்லின் பொருள். பெயருக்கும் நீருக்கும் இன்றுள்ள தொலைவை எண்ணி நகைப்பதா, வருந்துவதா என்பதை அவரவர் மனத்துக்கு விட்டுவிடுவோம்.

இவ்வாற்றின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே இதன் பிறப்பு. குர்லாவையும் கலினாவையும் கடந்து, தாராவியைத் தழுவி, மாஹிம் கழிமுகத்தில் இது கடலோடு கலக்கிறது. இதன் தலைமாட்டில் ஒரு காடு உண்டு. கால்மாட்டிலும் ஒரு காடு உண்டு. மேலே இருப்பது போரிவலியின் தேசியப் பூங்கா. கீழே இருப்பது தாராவியின் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. இரண்டும் பொதுச் சொத்து. இரண்டும் சட்டத்தின் காவலில் உள்ளவை. ஆயினும் இவற்றின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வியப்பான செய்தியொன்று புலப்படும். விலங்கையும் பறவையையும் காப்போம் என்று எண்ணி இந்நிலங்களை முதன்முதலில் ஒதுக்கினவர் எவருமிலர். ஒன்று குடிநீருக்காக ஒதுக்கப்பட்டது, மற்றொன்று குப்பைக்காக.

முதலில் மேட்டுக் காட்டைக் காண்போம்.

இம்மலைப் பகுதிக்குக் கிருஷ்ணகிரி என்று பழம்பெயர். சேலத்துக்கு அருகே நாம் அறிந்த கிருஷ்ணகிரிக்கும் இதற்கும் உறவில்லை. கரிய மலை என்னும் பொருளில் எழுந்த பெயர் இது. கான்ஹேரி என்று மக்கள் வாயில் திரிந்து வழங்குவதும் இப்பெயரே. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கிக் கி.பி. பத்தாம் நூற்றாண்டு வரையில் பௌத்தத் துறவிகள் இங்கே கரும்பாறையைக் குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட குகைகளை அமைத்தனர். குகைகளின் அழகைப் பலர் எழுதியுள்ளனர். நாம் கருத வேண்டுவது அவற்றின் அருகே குடையப்பட்ட நீர்த்தொட்டிகளை. மலைமேல் விழும் மழையைச் சிறு கால்கள் வழியே தொட்டிகளுக்குச் செலுத்தி, அடுத்த மழை வரும்வரை அத்துறவிகள் வைத்து உண்டனர். குகையோடு தொட்டியையும் அறமாக வெட்டுவித்த வணிகர் முதலியோரின் பெயர்களை அங்குள்ள கல்வெட்டுகளில் இன்றும் காணலாம். ஆக, இம்மலையின் பெருமை இரண்டாயிரம் ஆண்டுகளாகவே நீரில்தான் உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய் மாநகர் பெருகி வளர்ந்தபோது, கிணறுகளும் குளங்களும் மக்களுக்குப் போதவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர் தவித்தது. அப்பொழுதுதான் மித்தியின் தலைப்பில் அணை கட்டி நீரைத் தேக்கிக் குழாய் வழியே நகருக்குக் கொணரும் திட்டம் உருவாயிற்று. 1856இல் தொடங்கிய வேலை 1860இல் முடிந்தது. அதுவே விஹார் ஏரி. அதனருகே துளசி ஏரி 1879இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏரி நீர் தூய்மையாயிருக்க வேண்டுமெனில், அந்நீர் வந்து சேரும் மலைச்சரிவில் ஊரும் உழவும் பெருகுதல் கூடாதன்றோ? ஆதலின் ஏரிகளைச் சூழ்ந்த நிலம் காவலுக்கு உட்பட்டது, மரம் நின்றது, மரத்தை நம்பி மானும் சிறுத்தையும் நின்றன. பின்னர்த் தான்சா முதலிய பெரிய ஏரிகள் தொலைவில் எழுந்தன. இன்று மும்பை குடிக்கும் நீரில் விஹாரும் துளசியும் தருவது மிகச் சிறு பகுதியே. எனினும் அவ்விரு ஏரிகள் தந்த காடு மட்டும் நிலைத்துவிட்டது.

விடுதலைக்குப் பின் 1950இல் பம்பாய் அரசாங்கம் தேசியப் பூங்காச் சட்டம் ஒன்றை இயற்றி, ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கிருஷ்ணகிரி தேசியப் பூங்கா என்று அறிவித்தது. அதே காலத்தில் பக்கத்து நிலத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. நகரத்தின் சந்துகளில் கட்டப்பட்டிருந்த எருமைகளை வெளியேற்றி, நல்ல பாலை நகரத்தார்க்கு அளிக்கும் பொருட்டு, 1949இல் ஆரே பால்பண்ணை நிறுவப்பட்டது. எருமைக்குப் புல் வேண்டும். புல்லுக்கு வெளி வேண்டும். இவ்வாறு பாலின் பெயரால் மேலும் பல்லாயிரம் ஏக்கர் கட்டடத்துக்குத் தப்பிற்று. 1969இல் பூங்கா விரிவாக்கப்பட்டபோது சுற்றியிருந்த காடுகளும் பண்ணை நிலத்தின் ஒரு பகுதியும் அதனோடு சேர்ந்தன. 1974இல் போரிவலி தேசியப் பூங்கா என்றும், 1980களின் தொடக்கத்தில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்றும் பெயர்கள் மாறின. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவைக் கண்டு வியந்தோர் நம்மில் பலர் இருப்பர். அதன் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே. கிண்டியைப் போல் 38 மடங்கு பெரிய காடு ஒன்று நம் வீட்டு வாயிலில் கிடக்கிறது. லோக்கல் வண்டியில் ஏறினால் போரிவலி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு என்று பல பெயர்களைச் செய்தித்தாளில் படிக்கிறோம். இவற்றின் வேறுபாட்டை அறிவது நன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவில் மாடு மேய்த்தலும், தனியார் நில உரிமையும் இல்லை. சரணாலயத்தில் அதிகாரிகளின் இசைவோடு சில பழைய உரிமைகள் தொடரலாம். காப்புக்காடும் பாதுகாக்கப்பட்ட காடும் 1927ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் வழிப் பிறப்பவை. காப்புக்காட்டில் வெளிப்படையாக இசைவு பெறாத எதுவும் குற்றம்; பாதுகாக்கப்பட்ட காட்டில் வெளிப்படையாகத் தடுக்கப்பட்டதே குற்றம். சொல் ஒன்று மாறினால் நிலத்தின் தலையெழுத்து மாறும். அரசிதழில் எந்தச் சொல் அச்சாகிறது என்பதற்காக வழக்கு மன்றங்களில் ஆண்டுக்கணக்கில் போராடுவது இதனால்தான்.

சட்டத்தின் கடுமை மனிதரையும் சுடும் என்பதை மறைத்தல் அறமாகாது. இக்காட்டில் வார்லி முதலிய ஆதிவாசி மக்களின் பாடாக்கள், அதாவது சிற்றூர்கள், பூங்கா என்ற பெயர் வருமுன்னரே இருந்தன. நகரத்தில் ஒண்ட இடமின்றிக் காட்டோரத்தில் குடிசை போட்டவர்களும் காலப்போக்கில் பல்லாயிரவர் ஆயினர். 1995இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 1997ஆம் ஆண்டு மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டது. 1995 சனவரி முதல் நாளின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோர் 7,000 ரூபாய் கட்டினால் மாற்று இடம் பெறலாம் என்றும் வகுத்தது. பெயர் இருந்தோர் நிலை ஒன்று. இல்லாதோர் நிலை வேறு. குடிசை இடிபடும் ஓசையைத் தாராவித் தமிழர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஏழையின் கூரையைப் பிரித்த அதே வேகம், காட்டோரம் எழுந்த அடுக்குமாடிகளை அளக்கும்போது காணப்பட்டதா என்று கேட்போரின் கேள்வியில் நியாயம் உண்டு.

சிறுத்தையின் கதையும் அத்தகையதே. 2004ஆம் ஆண்டில் பூங்காவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் சிறுத்தை தாக்கிப் பலர் உயிரிழந்தனர். ஓரிடத்தில் பிடித்த சிறுத்தையை வேறிடத்தில் கொண்டுபோய் விடும் வழக்கமே கேட்டை வளர்த்தது என்று ஆய்வாளர் கூறினர். இடம் தெரியாத விலங்கு அஞ்சும். அஞ்சிய விலங்கு பாயும். அதன் பின்னர்ப் பொறி வைப்பதைக் குறைத்து, குப்பையை அகற்றி, நாய்களின் பெருக்கத்தைத் தடுத்து, இரவில் குழந்தைகளைத் தனியே விடாதிருக்க மக்களுக்கு அறிவுறுத்தும் முறை வந்தது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பூங்காவிலும் அதன் சுற்றிலும் 47 சிறுத்தைகள் ஒளிப்படக் கருவிகளில் பதிவாயின.

இனி ஆற்றோடு இறங்கித் தாராவிக்கு வருவோம்.

தாராவி ஒரு காலத்தில் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். கோலி மீனவர்கள் அங்கே வாழ்ந்தனர். தாராவிக் கோலிவாடா அதன் எச்சம். 1737இல் ஆங்கிலேயர் கட்டிய காலா கில்லா என்னும் சிறு கோட்டை, மித்தியின் வழியே பகைவர் வருவரோ என்று நோக்கிக்கொண்டிருந்தது. அதன் சுவர்கள் இன்றும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் இங்கே குடியேறிற்று. அத்தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் பலர் வந்தனர். வந்தோர் நின்ற தரை, தரையே அன்று. சேற்றின் மேல் குப்பையும் கழிவும் கொட்டி, மிதித்து, மேடாக்கி, அதன் மேல் ஓலையும் தகரமும் வேய்ந்து வாழ்ந்தனர். நகரம் வேண்டாமென்று எறிந்ததைக் கொண்டு நிலம் ஆக்கியவர்கள் அவர்கள். இதனை நினைவில் நிறுத்திக்கொண்டால் அடுத்துக் கூறப்போவது எளிதில் விளங்கும்.

தாராவியின் வட ஓரத்தில், மித்திக் கரையில், மாநகரத்தின் குப்பையைக் கொட்டும் பெருந்திடல் ஒன்று இருந்தது. 1970களில் பெருநகர வட்டார வளர்ச்சிக்கென அமைந்த ஆணையம், அக்கரையில் பாந்திரா-குர்லா வளாகத்தை வகுக்கத் தொடங்கியது. 1976இல் உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையினர், இக்கரையில் இயற்கைப் பூங்கா ஒன்று அமையட்டும் என்ற கருத்தை முன்வைத்தனர். 1977இல் குப்பை கொட்டுவது நின்றது. சதுப்பைத் தூர்த்து அலுவலகங்களுக்கு மனை பிரித்த ஆணையமே, எதிர்க்கரையில் குப்பை மேட்டைக் காடாக்கவும் இசைந்தது. ஒரு கை அழித்ததற்கு மறு கை செய்த ஈடு என்று சிலர் கூறுவர். ஈடு சிறிது, ஆயினும் செய்யாதிருந்திருக்கலாம் என்பதை எண்ணும்போது, செய்ததைப் போற்றவே தோன்றுகிறது.

குப்பையில் காடு வளர்ப்பது எளிய செயலன்று. மக்கும் குப்பை உள்ளே வெந்துகொண்டிருக்கும். நச்சுக் காற்றை உமிழும். ஆங்காங்கே அமிழ்ந்து பள்ளமாகும். வேர் ஆழச் சென்றால் கண்ணாடியும் இரும்பும் தட்டும். எனவே மேலே மண்ணைப் பரப்பி, அதில் மரக்கன்றுகளை நட வேண்டியதாயிற்று. 1983இல் முதற் கன்றை நட்டவர் பறவையியல் மேதை சலீம் அலி. 1896இல் பம்பாயில் பிறந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளை எல்லாம் எழுத்தில் அடக்கிய அப்பெரியார்க்கு அப்போது வயது 86 கடந்திருந்தது. பறவை ஒன்றும் தங்காத குப்பை மேட்டில் அவர் நட்ட கன்று வளர்ந்து நிழல் தருவதைக் காண அவர் நெடுநாள் இருக்கவில்லை, 1987இல் மறைந்தார். 1991இல் இந்நிலம் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1994 ஏப்ரல் 22ஆம் நாள், உலகப் புவி நாளன்று, பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இதன் பரப்பு 37 ஏக்கர். போரிவலிக் காட்டோடு ஒப்பிட்டால் கடுகு போன்றது. ஆயினும் இன்று நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே காணப்படுகின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. ஆற்றோரத்தில் அலையாத்தி மரங்கள் தாமே எழுந்து நிற்கின்றன. மழைநீரைத் தேக்கிக் கோடையில் செடிகளுக்குப் பாய்ச்சும் குளமும் உண்டு. அதனைக் காணும்போது கான்ஹேரித் துறவிகளின் தொட்டிகளே நினைவுக்கு வரும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வந்து செல்கின்றனர். சயான்-பாந்திரா இணைப்புச் சாலையில், தாராவிப் பேருந்து நிலையத்துக்கு அருகேதான் வாயில். மாதுங்காவிலிருந்து வருவோர்க்குத் தொலைவில்லை. ஆனால் நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை குடும்பம் இதனுள்ளே சென்றிருக்கும்? லோனாவாலாவுக்குச் செல்வோர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்காவது தேறுமா என்பது ஐயமே.

இக்கட்டத்தில் ஒரு வினா எழும். அதனைத் தட்டிக் கழித்தல் முறையன்று. ஒரே அறையில் பத்துப் பேர் படுத்து உறங்கும் தாராவியில், மனிதர்க்கே இடமில்லாதபோது மரத்துக்கு 37 ஏக்கரா? நியாயமான வினாவே. இதற்கு 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் ஒரு விடை சொல்லிற்று. அன்று சாந்தாக்ரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி கரைபுரண்டது. விமான நிலையத்துக்காக வளைக்கப்பட்டு, இருபுறமும் கட்டடங்களால் நெருக்கப்பட்டு, குப்பையால் மேடாகியிருந்த ஆறு போவதற்கு வழி தேடி வீடுகளுக்குள் புகுந்தது. குர்லாவும் கலினாவும் மூழ்கின. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு நீரில் நடந்து வீடு சேர்ந்த கதை நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆறு பரவுவதற்கு விட்டிருந்த சதுப்பெல்லாம் மனையாகிவிட்டதன் விலை அது. ஆற்றோரத்தில் நீரை உறிஞ்சவும் ஒதுங்கவும் எஞ்சியுள்ள மண் எவ்வளவோ, அவ்வளவும் தாழ்ந்த பகுதியில் வாழும் ஏழைக்குத்தான் முதற் காப்பு. மாடியில் இருப்பவன் வீட்டில் வெள்ளம் புகுவதில்லை.

தாராவிச் சீரமைப்புத் திட்டம் மீண்டும் எழுந்தபோது, இப்பூங்காவும் அதனுள் அடங்கிவிடுமோ என்ற அச்சம் பரவியது. பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. பூங்கா பாதுகாக்கப்பட்ட காடு ஆதலின் திட்டத்தில் சேராது என்று 2023இல் உயர்நீதிமன்றத்தில் அரசு சார்பில் உறுதி கூறப்பட்டது. 1991இல் அரசிதழில் அச்சான அந்த ஒரு சொல் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கைகொடுத்ததைக் கவனிக்க வேண்டும். சீரமைப்பில் தமக்கு வீடு கிடைக்குமா, எங்கே கிடைக்கும் என்று கலங்கி நிற்கும் நம்மவர்க்கும் எழுத்தில் உள்ள உரிமையின் அருமை தெரியாததன்று.

எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் இவ்வறிவு நம் நாட்டு உழவர்க்கும் பண்டே இருந்தது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் ஏரிக்கு வந்து கூடு கட்டும் பறவைகளை ஊரார் காத்து வந்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று என்பதே அதன் காரணம். துப்பாக்கியோடு வந்து வேட்டையாடுவோரைத் தடுக்கும் பொருட்டு, அவ்வூரார் 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பாரிடம் உரிமைச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டனர். வனவிலங்குச் சட்டம் பிறப்பதற்கு 174 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அங்கும் பறவைக்காகப் பறவையைக் காத்தாரிலர், நெல்லுக்காகக் காத்தனர். பயன் கருதிக் காப்பது தாழ்ந்தது என்று சிலர் எண்ணுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பயன் அறிந்து காக்கும் ஊர்தான் விடாமல் காக்கும்.

செம்பூர் அன்பர்கள் தம் பகுதியைக் குறித்து ஒன்றும் கூறவில்லையே என்று குறைபடலாம். அவர்களுக்கும் குப்பையின் கதை உண்டு. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் இருப்புப்பாதை போட்டது பயணிகளுக்காக அன்று. நகரத்துக் குப்பையை ஏற்றிச் செல்லும் வண்டிக்காக. மனிதர் ஏறிச் செல்ல 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1927 முதல் தேவனார்த் திடலில் குப்பை குவியத் தொடங்கியது. அத்திடலின் கிழக்கே விரிவதுதான் தானே கழிமுகம். சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, அணு ஆராய்ச்சி நிலையம் ஆகியவை சூழ்ந்த அக்கரையில், சேற்றில் வளரும் நுண்பாசியைத் தின்பதற்காகக் குஜராத்திலிருந்து பூநாரைகள் வரலாயின. 1990களில் சேவ்ரியிலும் மாஹுலிலும் அவற்றைக் கண்டு நகரமே வியந்தது. கோடியக்கரையில் நாம் கண்ட அதே பறவைதான். சில ஆண்டுகளில் அவற்றின் தொகை ஒரு லட்சத்துக்கு மேல்.

அலையாத்தி மரங்களை வெட்டுதல் கூடாது, அரசு நிலத்தில் உள்ளவற்றைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்க வேண்டும் என்று 2005 அக்டோபரில் உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2018இல் அதனை உறுதி செய்தது. 2012இல் அலையாத்திக் காடுகளுக்கெனத் தனிப் பிரிவை மகாராஷ்டிர வனத்துறை அமைத்தது. 2015 ஆகஸ்டு மாதத்தில் 896 ஹெக்டேர் அலையாத்திக் காடும் 794 ஹெக்டேர் நீர்ப்பரப்பும் சேர்ந்த 1,690 ஹெக்டேர், தானே கழிமுகப் பூநாரைச் சரணாலயம் ஆயிற்று. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலும் தானே கழிமுகம் இடம் பெற்றது. ஆனால் கடல் பொங்கும் வேளையில் இப்பறவைகள் சென்று நிற்கும் ஈரநிலங்கள் பல, நவி மும்பைப் பக்கத்தில், சரணாலய எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் மீது மனை வணிகரின் கண் விழுந்து பல ஆண்டுகள் ஆயின. 2024 மே மாதத்தில் காட்கோபர் அருகே இரவில் பறந்த கூட்டம் ஒன்று விமானத்தில் மோதி, 39 பூநாரைகள் இறந்து வீழ்ந்தன. உறங்குமிடம் குலைந்ததால் பறவைகள் அலைந்தனவோ என்று பறவை அன்பர்கள் அப்போது வினவினர்.

தேவனார்த் திடலோ 2016 சனவரியில் பற்றியெரிந்து, செம்பூரையும் கோவண்டியையும் பல நாள் புகையில் ஆழ்த்தியது. தாராவியின் 37 ஏக்கர்க் குப்பை காடாக 17 ஆண்டுகள் பிடித்தன. தேவனாரின் பரப்பு 300 ஏக்கருக்கு மேல்.